சாத்தாங்காட்டு எடை மேடையில் இரண்டு சொகுசுக் கார்கள்

அன்று எடை மேடையில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று, அண்ணாச்சி. சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் மூன்று யார்டு வைத்திருக்கிறார். எடை மேடையும் அவருடையது. என் முதலாளி. அவர் அப்பா தெற்கே இருந்து வந்தவர். இவர் பிறந்தது திருவொற்றியூரில். பெயர்தான் அண்ணாச்சி, பேச்செல்லாம் இந்த ஊர்ப் பேச்சு.

இரண்டு, அவர் மகள் கவிதா. யார்டு ஆபீசைப் பார்த்துக்கொள்கிறவர். காலேஜ் படித்தவர்.

மூன்று, டிரைவர் சேகர். அண்ணாச்சியின் பழைய காரைப் பத்தொன்பது வருடமாக ஓட்டுகிறவன். என் தோஸ்து. அதனால் அவன் இவன் என்றே எழுதுகிறேன்.

நான்கு, தீபக். பெட்ரோல் கார் ஷோரூமிலிருந்து வந்தவர். டை கட்டியிருந்தார். இரும்புத் தூள் பறக்கும் இடத்துக்கு வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார்.

ஐந்து, ஷாலினி. கரண்ட் கார் ஷோரூமிலிருந்து வந்தவர். எதைக் கேட்டாலும் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார்.

ஆறு, நான். எடை போடுகிறவன். எட்டாவது வரை படிப்பு. இந்த மேடையில் இருபத்தேழு வருடம்.

எழுதி எனக்குப் பழக்கமில்லை. எடை வேலைக்கு வருகிற தம்பிகள் தெரிந்துகொள்ளட்டும் என்று எழுதுகிறேன். நடந்தது நடந்தபடி.

1. எடை போடும் முறை

லாரி மேடையில் ஏறும். டிரைவர் என்ஜினை நிறுத்துவார். இறங்குவார். நான் பட்டனை அமுக்குவேன். சீட்டு வரும். அதில் கையெழுத்துப் போடுவேன். லோடோடு ஒரு தடவை, காலியாக ஒரு தடவை. கழித்தால் சரக்கின் எடை.

எங்கள் மேடை பத்துப் பத்து கிலோவாகத்தான் காட்டும். அதற்குக் கீழே தெரியாது. லாரிக்கு அது போதும்.

என் கேபினிலிருந்து லாரியின் டிரைவர் கதவு தெரியாது. மேடை அந்தப் பக்கம். அதனால் நான் காதால்தான் வேலை செய்தேன். என்ஜின் சத்தம் நிற்கும். கதவு அடிக்கும் சத்தம் வரும். அமுக்குவேன். வெயில் காலத்தில் பல டிரைவர்கள் கதவை அடிப்பதில்லை. திறந்தபடி விட்டு டீக்கடைக்குப் போய்விடுவார்கள். அதனால் போகப் போக என்ஜின் நின்றால் போதும் என்று ஆகிவிட்டது. என்ஜின் நின்ற பிறகு அந்த வெயிலில் கேபினுக்குள் யாரும் உட்கார மாட்டார்கள். இருபத்தேழு வருடத்தில் ஒரு சீட்டுகூடத் தப்பாகப் போனதில்லை.

சாத்தாங்காட்டில் சீட்டுதான் சட்டம். சீட்டு ஒன்று சொல்லி சரக்கு ஒன்று சொன்னால், சரக்குதான் பொய் சொல்கிறது என்பார்கள்.

2. கிலோ என்ன ரேட்டு

பக்கத்து யார்டுக்காரர் ஒரு சொகுசுக் கார் வாங்கினார். நீளமான கார். அண்ணாச்சி அதை ஒரு வாரம் பார்த்தார். பிறகு தனக்கும் ஒன்று வேண்டும் என்றார்.

கவிதா கரண்ட் கார் வாங்கலாம் என்றார். சேகர் பெட்ரோல் கார் வாங்கலாம் என்றான். அண்ணாச்சி இரண்டு ஷோரூமுக்கும் போன் செய்து, காரை எடை மேடைக்குக் கொண்டுவரச் சொன்னார்.

வந்ததும் தீபக் ஆரம்பித்தார்.

"சார், இதுல ஆறு சிலிண்டர். மசாஜ் சீட். பின்னாடி ஃப்ரிட்ஜ் இருக்கு."

"கிலோ இன்னா ரேட்டு?" என்றார் அண்ணாச்சி.

"சார்?"

"காரு கிலோ இன்னா ரேட்டு வருது?"

தீபக் என்னைப் பார்த்தார். அண்ணாச்சி கல்யாண மண்டபத்துக்குச் சேர் வாங்கினாலும் கிலோ ரேட்டுதான் கேட்பார். கோயிலுக்கு மணி வாங்கிக் கொடுத்தபோதும் அப்படித்தான். அதில் ஒன்றும் தப்பில்லை. மணியும் உலோகம்தான்.

"வெயிட் யாரும் கேட்டதில்ல சார்" என்றார் தீபக்.

ஷாலினி ஒரு தாளை நீட்டினார். "சார், எங்க காரோட வெயிட் இதுல இருக்கு. ரெண்டாயிரத்து அறுநூத்தி நாப்பது கிலோ. கீழ முழுக்க பேட்டரி."

"பேப்பர்ல போட்ட வெயிட்ட பேப்பர்காரனாண்ட வித்துக்கோமா. மேடை ஏத்து, பாக்கலாம்."

பெட்ரோல் கார் விலை கொஞ்சம் குறைவு. கரண்ட் கார் விலை கொஞ்சம் கூட. ஆனால் கனமான கார் எதுவோ, அதற்குக் கிலோ ரேட்டு குறையும். எது குறைகிறதோ அதுதான் வீட்டுக்கு வரும் என்று அண்ணாச்சி சொல்லிவிட்டார்.

கவிதா சொன்னார். "அப்பா, கரண்ட் கார்ல கியர் இல்ல, கிளட்ச் இல்ல. நானே ஓட்டிப்பேன். டிரைவர் எதுக்கு?"

அண்ணாச்சி தலையாட்டினார். சேகர் கேட்டுக்கொண்டு நின்றான்.

பிறகு அவன் என் கேபினுக்கு வந்தான்.

"மாமு, கரண்ட் காரு வந்தா நானு காலி."

"வேற வண்டிக்கு போ."

"அம்பத்தோரு வயசுல எவன் குடுப்பான்? அண்ணனுங்க லாஞ்சுல ஏத்திக்கினு போய்டுவானுங்க."

சேகர் மீன்பிடிக் குடும்பம். அண்ணன்கள் மூன்று பேரும் மீன்பிடி லாஞ்சில் கடலுக்குப் போகிறவர்கள். இவன் மட்டும் கார் ஓட்ட வந்தான். காரணம், கடலில் ஏறினால் இவனுக்கு வாந்தி. துறைமுகத்தைத் தாண்டுவதற்குள் ஆரம்பித்துவிடும். திரும்பிக் கரையில் இறங்கும்வரை நிற்காது. ஒரு தடவை மூன்று நாள் கடலிலேயே தங்கி மீன் பிடிக்கப் போனான். மூன்று நாளும் வாந்தி. இறக்கும்போது மீனையும் இவனையும் சேர்த்தே இறக்கினார்கள். குப்பத்தில் இன்றும் இவனுக்குப் பட்டப்பெயர் அதுதான். எழுதக் கூடாது.

"நீ கொஞ்சம் கை வெச்சுடேன் மாமு. பெட்ரோல் காருக்கு ஒரு இருநூறு கிலோ ஏத்திப் போடு" என்றான்.

"மேடையில ஏறறதுதான் எடை. நான் ஒண்ணும் செய்ய முடியாது."

"மேடையில ஏறறதுதான் எடையா?"

"ஆமா."

"அப்ப சரி" என்று போய்விட்டான். அவன் எதைச் சரி என்றான் என்று நான் யோசிக்கவில்லை.

3. கரண்டின் எடை

அண்ணாச்சி ஒரு நியாயம் சொன்னார். பெட்ரோல் காரில் இருக்கும் பெட்ரோலின் எடையைக் கழிக்க வேண்டும். பெட்ரோல் தனிச் சரக்கு. அதற்குக் கார் ரேட்டு கொடுக்க முடியாது.

தீபக் விடவில்லை. "அப்போ அவங்க கரண்டையும் கழிக்கணும் சார். ஃபுல் சார்ஜ்ல கொண்டு வந்திருக்காங்க."

"கரண்டுக்கு வெயிட் கிடையாது சார்" என்றார் ஷாலினி.

"அத்த நீ எப்டி சொல்ற? வெயிட்டு இல்லாத சாமானையா ஈபிகாரன் யூனிட்டு போட்டு விக்கிறான்?" என்றார் அண்ணாச்சி.

ஷாலினி சிரித்தார்.

எங்கள் யார்டில் செம்பு, பித்தளை நிறுக்கும் சின்னத் தராசு ஒன்று உண்டு. கிராம் சுத்தமாகக் காட்டும். அண்ணாச்சி தன் செல்போனை எடுத்தார். சார்ஜ் ஒன்பது சதவீதம் இருந்தது. தராசில் வைத்தார். 214 கிராம். பிறகு சார்ஜ் போட்டார்.

ஆறு பேரும் போனைச் சுற்றி நின்றோம். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. நடுவில் இரண்டு தடவை போன் வந்தது. அண்ணாச்சி எடுக்கவில்லை. பேசினால் கரண்ட் செலவாகும், கணக்கு தப்பும் என்றார். வெளியே நான்கு லாரி எடைக்கு நின்று ஹாரன் அடித்தது. நூறு சதவீதம் ஆனதும் ஒயரைப் பிடுங்கித் தராசில் வைத்தார்.

214 கிராம்.

அண்ணாச்சி போனை எடுத்து மறுபடி வைத்துப் பார்த்தார்.

"அப்ப நா இத்தினி வருசமா இன்னாத்த வாங்கிக்கினு இருந்தேன்?" என்றார்.

அன்று முதல் அவருக்கு மின்சார வாரியத்தின் மேல் ஒரு கசப்பு.

பெட்ரோலைக் கழிக்கவும் வேலை இருக்கவில்லை. தீபக் கொண்டுவந்த காரில் முள் சிவப்புக் கோட்டில் நின்றது. ஷோரூம் காரில் எப்போதும் அவ்வளவுதான் இருக்குமாம். "கழிக்கறதுக்கு நீ ஒண்ணியும் ஊத்தலியே நைனா" என்றார் அண்ணாச்சி. பங்க் வரை போகவே அது பத்துமா என்று சந்தேகமாக இருந்தது. யார்டு கேனிலிருந்து ஐந்து லிட்டர் ஊற்றினோம்.

4. ஆளுக்கு ஒரு ரவுண்டு

எடைக்கு முன் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று ஷோரூம்காரர்கள் சொன்னார்கள். அண்ணாச்சிக்கு அதில் பெரிய விருப்பம் இல்லை. ஆனாலும் போனார்.

முதலில் கரண்ட் கார். சேகர் ஓட்டினான். பக்கத்தில் ஷாலினி. பின் சீட்டில் அண்ணாச்சி சப்பணம் போட்டு உட்கார்ந்தார். நான் போகவில்லை. சேகர் சொன்னதை எழுதுகிறேன்.

முதல் சிக்கல் ஸ்டார்ட் செய்வதில். பட்டனை அமுக்கினான். சத்தம் வரவில்லை. ஸ்டார்ட் ஆகவில்லை என்று மறுபடி அமுக்கினான். அது ஆஃப். மறுபடி அமுக்கினான். இப்படிப் பதினோரு தடவை ஆனது. கடைசியில் எது ஆன், எது ஆஃப் என்று ஷாலினிக்கே தெரியவில்லை.

இரண்டாவது சிக்கல் விம்கோ நகர் சிக்னலில். கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே கார் நின்றது. பச்சை விழுந்தது. சேகர் கிளப்புவதற்குள் பஸ் ஸ்டாப்பில் இருந்த நான்கு பேர் ஓடிவந்தார்கள்.

"அண்ணே, வண்டி ஆஃப் ஆயிடுச்சு. நீ நியூட்ரல்ல போடு, நாங்க தள்றோம்."

"ஆஃப் ஆவலபா, இது அப்டிதான்."

"வெக்கப்படாதண்ணே. இம்மாம் பெரிய வண்டினாலும் மக்கர் பண்ணத்தான் செய்யும்."

தள்ளினார்கள். சேகரும் ஆக்சிலேட்டரை மிதித்தான். கார் அம்பு போலப் போனது. தள்ளிய நான்கு பேரில் ஒருவர் ரோட்டில் குப்புற விழுந்தார். எழுந்து, "பாத்தியா, ஸ்டார்ட் ஆயிடுச்சு!" என்று கை காட்டினாராம். நம் ஊரில் சத்தம் வராத வண்டி நின்றுபோன வண்டி. நல்ல மனசோடுதான் தள்ளினார்கள்.

திரும்பி வந்ததும் கவிதா கேட்டார். "எப்படிப்பா ஓடுது?"

"வண்டி ஓடிச்சா, அவனுங்க தள்னானுங்களானு தெரியலமா" என்றார் அண்ணாச்சி.

அடுத்தது பெட்ரோல் கார். அந்த நேரம் பார்த்து மணலியிலிருந்து ஒரு லோடு வந்தது. அண்ணாச்சி அதைப் பார்க்கப் போனார். தீபக்கைக் கவிதா லோன் விவரம் கேட்டு ஆபீசில் உட்கார வைத்துவிட்டார். சேகரைத் தனியாக ஒரு ரவுண்டு போய்வரச் சொன்னார்கள். "டிரைவரு சீட்டு நல்லா கீதா, முதுகு புடிக்குதா பாத்துகினு வா" என்றார் அண்ணாச்சி.

பத்து நிமிட ரவுண்டு. ஐம்பது நிமிடம் கழித்து வந்தான்.

"இன்னாடா, பாண்டிச்சேரி போய்ட்டியா?"

"எர்ணாவூர்ல டிராஃபிக்கு அண்ணாச்சி. கண்டெய்னரு."

கண்டெய்னர் என்று சொன்னால் எங்கள் பக்கம் யாரும் மறு கேள்வி கேட்பதில்லை.

5. பெட்ரோல் கார் மேடை ஏறியது

சேகர் காரை மேடையில் ஏற்றினான். என்ஜின் நின்றது. கதவு அடித்தது. நான் அமுக்கினேன்.

2,310.

தீபக்குக்கு முகம் மலர்ந்துவிட்டது. தன் கார் இவ்வளவு கனம் என்று அவருக்கே தெரியாது. அண்ணாச்சி போனில் கணக்குப் போட்டார். ஷாலினி கொடுத்த தாளின்படி பார்த்தால் இரண்டு காருக்கும் கிலோ ரேட்டு ஏறக்குறைய ஒன்றாக வந்தது. பெட்ரோல் கார் ஒரு நூல் குறைவு. சேகர் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

காரின் பின்பக்கம் தாழ்ந்திருந்ததை நான் கவனித்தேன். லாரியில் அப்படி இருந்தால் ஸ்பிரிங் பட்டை தளர்ந்திருக்கும், அல்லது லோடு பின்னால் இருக்கும். இது புதுக் கார். பட்டை தளராது. வாயைத் திறப்பதா வேண்டாமா என்று நான் முடிவு செய்வதற்குள் தீபக்கே முடிவு செய்துவிட்டார்.

"சார், இந்த கார்ல ஒரு ஸ்பெஷல் இருக்கு. கையில சாமான் இருந்தா கவலையே வேண்டாம். பம்பருக்கு கீழ கால காட்டுனா போதும், டிக்கி தானா திறக்கும்."

சேகர் "வோணாம் சார், செருப்புல மண்ணு" என்றான். தீபக் காலை நீட்டினார். டிக்கி மெதுவாக, தானாக, சத்தமில்லாமல் திறந்தது.

உள்ளே இருந்தவை: நங்கூரம் இரண்டு. வலையில் கட்டும் ஈயக் குண்டு இரண்டு மூட்டை. ஆட்டுக்கல் ஒன்று. குழவியோடு.

ஷாலினி போட்டோ எடுத்தார்.

"இன்னாபா இது, காரா லாஞ்சா?" என்றார் அண்ணாச்சி.

"சார், இது கம்பெனி ஃபிட்டிங் இல்ல சார்" என்றார் தீபக்.

"ஆட்டுக்கல்ல வெச்சு எந்தக் கம்பெனி குடுப்பான், எனக்குத் தெரியாதா? டேய் சேகரு."

"என்னுதுதான் அண்ணாச்சி."

"நங்கூரம் இன்னாத்துக்கு?"

"வண்டி ஆடாம நிக்கும்னு."

"ஆட்டுக்கல்லு?"

"வூட்ல மிக்ஸி வாங்கிட்டோம்" என்றான்.

எல்லாவற்றையும் இறக்கி மறுபடி எடை போட்டேன். 2,080. கிலோ ரேட்டு ஏறிவிட்டது.

அண்ணாச்சி கத்தவில்லை. அவர் கத்தினால் பயமில்லை. அமைதியாகப் பேசினார்.

"லாரிக்கு அடியில தண்ணி டேங்கு கட்டி எடை ஏத்துனவன பாத்துக்கீறேன். சரக்குக்குள்ள மண்ணு வெச்சவன பாத்துக்கீறேன். என் மேடையிலயே, என் டிரைவரே ஆட்டுக்கல்லு வெச்சு இன்னிக்குதான் பாக்குறேன். புது வண்டி வர்ற அன்னிக்கி பழைய வண்டி சாவிய குடுத்துட்டு கெளம்பு."

"அண்ணாச்சி..."

"இப்ப அந்தக் கரண்ட் வண்டிய ஏத்து."

வேலை போன ஆளையே ஏற்றச் சொன்னார். யார்டுக்குள் கிரேன் சுற்றுகிறது. பழக்கமில்லாத ஆள் ஓட்டினால் ஆபத்து. அந்த விஷயத்தில் அவர் சேகரைத்தான் நம்புவார்.

6. கரண்ட் கார் மேடை ஏறியது

இங்கேதான் என் தப்பு.

கார் மேடையில் ஏறி நின்றது. நான் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். சத்தம் இல்லை. சரி, என்ஜின் நின்றுவிட்டது என்று அமுக்கினேன்.

2,720.

அண்ணாச்சி சீட்டை என் கையிலிருந்து உருவினார். கையெழுத்து போட்டாயிற்றா என்று பார்த்தார். போட்டிருந்தேன். கணக்குப் போட்டுக்கொண்டே ஆபீஸ் பக்கம் நடந்தார்.

அப்போது கரண்ட் காருக்குள்ளிருந்து யாரோ கண்ணாடியைத் தட்டும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் சேகர்.

"மாமு, இதுக்கு கைப்பிடி எங்க கீது? பத்து நிமிசமா தேடறேன்."

அந்தக் காரில் கதவு திறக்க ஒரு பட்டன். அது கைப்பிடி மாதிரியே இல்லை. முதல் ரவுண்டு முடிந்தபோதும் ஷாலினிதான் அவனுக்குக் கதவைத் திறந்துவிட்டிருந்தார். ஷாலினி ஓடிவந்து திறந்துவிட்டார். சேகர் இறங்கினான். எண்பது கிலோவும் இறங்கியது.

அந்தக் காரில் நிற்பதற்கு என்ஜினே இல்லை. அது ஓடும்போதும் அப்படித்தான் இருக்கும், நிற்கும்போதும் அப்படித்தான் இருக்கும். இருபத்தேழு வருடமாக நான் நம்பிய காது எனக்கு ஒன்றும் சொல்லவில்லை.

அண்ணாச்சி பின்னாலேயே போன தீபக் சும்மா இருக்கவில்லை. "சார், அவங்க ஷீட்ல ரெண்டாயிரத்து அறுநூத்தி நாப்பதுதானே இருக்கு? எண்பது கிலோ எங்கிருந்து வந்துச்சு?" என்று சத்தமாகக் கேட்டார்.

அண்ணாச்சி திரும்பிப் பார்த்தார். ஷாலினி ஒரு நொடி யோசித்தார். பிறகு சிரித்தார்.

"ஆப்ஷனல் ஃபிட்டிங்ஸ் சார். இந்தக் கார்ல எக்ஸ்ட்ராவா இருக்கு."

"அதெல்லாம் சேத்துதான இந்த வெலை?"

"ஆமா சார். எல்லாம் சேர்த்துதான்."

"பில்லுல எழுது. வெயிட்டு ரெண்டாயிரத்து எழுநூத்தி இருவது. இதே வண்டி, இதே வெயிட்டு, எனக்கு வரணும்."

ஷாலினி எழுதிக்கொடுத்தார். கரண்ட் கார் முடிவானது. வண்டி கைக்கு வர இரண்டு மாதம் ஆகும் என்றார்.

நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சேகரைக் கழித்தாலும் கரண்ட் காருக்குத்தான் ரேட்டு குறைவு. முடிவு மாறாது. ஆனால் சீட்டு தப்பு. தப்பான சீட்டில் என் கையெழுத்து. இரண்டு மாதம் அது உள்ளே அறுத்துக்கொண்டே இருந்தது. இந்த இரண்டு மாதமும் சேகர் தினம் கடற்கரையில் நின்று அலையைப் பார்த்துப் பழகினான். பார்க்கும்போதே குமட்டுகிறது என்றான்.

7. எண்பது கிலோ குறைவு

வண்டி எடுக்கும் நாள் வந்தது. ஷாலினி காரோடு வந்தார். எலுமிச்சம்பழமும் மாலையும் தயாராக இருந்தன. சேகர் பழைய கார் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்றான். மூத்த அண்ணன் பைக்கோடு வெளியே காத்திருந்தார். மறுநாள் லாஞ்ச் கிளம்புகிறது.

"பழம் வெக்கறதுக்கு முந்தி எடை போடு. பழத்து வெயிட்டு சேரக் கூடாது" என்றார் அண்ணாச்சி.

இந்தத் தடவை நான் எழுந்து போய், காருக்குள் யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு வந்து அமுக்கினேன்.

2,640.

அண்ணாச்சி பழைய சீட்டைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தார்.

"எம்பது கிலோ எங்க?"

"சார், ஷீட்ல இதே வெயிட்தான்..." என்றார் ஷாலினி.

"நீ பில்லுல இன்னா எழுதிக் குடுத்த? எக்ஸ்ட்ரா ஃபிட்டிங்ஸ்னு சொன்னியே, அத்த எவன் கழட்டுனான்? டிக்கிய தொற." திறந்தார்கள். காலி. "ஸ்டெப்னி எங்க?"

"சார், இந்தக் கார்ல ஸ்டெப்னியே கிடையாது."

"பாத்தியா! ஸ்டெப்னிய சுட்டுட்டானுங்க!"

"எந்தக் கார்லயும் இல்ல சார். மாடலே அப்படி."

"அப்ப எம்பது கிலோவுக்கு இன்னா கழட்டுன? பேட்டரியா?"

கவிதா போனை எடுத்து ஷோரூம் மேனேஜரைக் கூப்பிட்டார். ஷாலினியிடம் சிரிப்பு இல்லை. அந்தப் பெண் பேட்டரி திருடினார் என்று பழி விழப்போகிறது. நான் கேபினை விட்டு இறங்கினேன்.

"அண்ணாச்சி, வண்டியில ஒண்ணும் கொறயல. அன்னிக்கு நான் அமுக்கினப்போ சேகரு உள்ள இருந்தான். என் தப்பு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் வேலையும் போகும் என்று நினைத்தேன். வீட்டுக்கு என்ன சொல்வது என்றுகூட யோசித்துவிட்டேன்.

அண்ணாச்சி சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது யார் கையெழுத்து?"

"என்னுது."

"என் மேடையில போட்ட சீட்டு. ஒன் கையெழுத்து. சீட்டு எப்டி தப்பாவும்? சரக்குதான் கொறயுது. டேய் சேகரு, ஏறு."

"நானா?"

"ஏறுடா. அன்னிக்கி எப்டி குந்திகினு இருந்தியோ அப்டியே குந்து."

சேகர் ஏறினான். நான் கேபினுக்குப் போனேன்.

2,720.

"வெயிட்டு வந்துச்சு" என்றார் அண்ணாச்சி. "அந்தப் பொண்ணு சொன்ன ஃபிட்டிங்ஸு இதான். எல்லாம் சேத்துதான் வெலைன்னு எழுதிக் குடுத்துக்கீது."

"அப்பா, அவர் மனுஷன்பா" என்றார் கவிதா.

"சீட்டுல மனுசன்னு போடலமா. கிலோன்னு போட்டுகீது. இவன் எறங்கிட்டான்னா எனக்கு எம்பது கிலோ நஷ்டம். அத்த யார் தருவா? நீ தருவியா?"

"அப்ப நான் ஓட்ட வேண்டாமா?"

"ஓட்டேன், யார் வேணான்னா? ஆனா இவன் உள்ள இருக்கணும்."

சேகர் கதவைத் திறக்கப் பார்த்தான். பட்டன் கிடைக்கவில்லை. உள்ளேயே இருந்தான். அவன் கன்னத்தைத் துடைப்பது கறுப்புக் கண்ணாடி வழியாக மங்கலாகத் தெரிந்தது. நான் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டேன். எலுமிச்சம்பழம் வைத்தார்கள். கார் சத்தமில்லாமல் அதன் மேல் ஏறியது. அண்ணன் பைக்கைத் திருப்பிக்கொண்டு போனார்.

8. நான் கற்றது

இப்போது நான் காதை நம்புவதில்லை. எந்த வண்டி ஏறினாலும் எழுந்து போகிறேன். கண்ணாடியைத் தட்டுகிறேன். உள்ளே ஆள் இல்லை என்று கண்ணால் பார்த்துவிட்டுத்தான் பட்டன். ஒரு வண்டிக்கு ஒரு நிமிடம் கூடுதலாக ஆகிறது. லாரி டிரைவர்கள் திட்டுகிறார்கள். திட்டட்டும். கரண்ட் லாரியும் வரப்போகிறது என்கிறார்கள். தம்பிகள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

தப்பு செய்தால் அன்றைக்கே சொல்ல வேண்டும். என் தப்பு நல்லபடியாக முடிந்தது என்பதற்காக அது தப்பு இல்லை என்று ஆகாது.

எந்தக் கார் நல்லது என்று என்னிடம் சிலர் கேட்கிறார்கள். எனக்குத் தெரியாது. கனம் எதில் அதிகம் என்று கேட்டால் சொல்வேன்.

அண்ணாச்சி மாதம் ஒரு தடவை காரை மேடையில் ஏற்றி, சரக்கு குறையவில்லை என்று சரிபார்க்கிறார். சேகர் உள்ளே உட்கார்ந்திருப்பான். போன மாதம் அவனுக்கு டைபாய்டு வந்தது. எழுந்து வந்தபோது சட்டை தொங்கியது. 2,710 காட்டியது. அண்ணாச்சி சீட்டைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். அன்று முதல் அவர் வீட்டிலிருந்து சேகருக்கு இரண்டு வேளை சாப்பாடு வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கால் சூப். அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை அண்ணாச்சி பக்கத்தில் நின்று பார்த்தார்.

இன்று காலை மறுபடி மேடைக்கு வந்தார்கள். கண்ணாடியைத் தட்டினேன். உள்ளே இருந்தான். அமுக்கினேன்.

2,730.